நஷ்டத்தில் ஓடும் மண்டபம்

1896ம் வருடம், பிப்ரவரி மாதம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துத் தெருக்களில் அதுவரை ஒரு கார்கூட ஓடியதில்லை. நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். பிற்பாடு உலகத்துக்கே கார் செய்து கொடுத்த ஊர் அது. சென்னையைப் புகழவேண்டும் என்றால் இன்றைக்கும் ‘ஆசியாவின் டெட்ராய்ட்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த பிப்ரவரியில் அங்கே குதிரை வண்டியும் டிராமும் மட்டும்தான். சார்லஸ் கிங் என்கிற எஞ்சினியர் முதல் காரைத் தெருவில் ஓட்டிக் காட்டியது மார்ச் 6ம் தேதி. ஹென்றி ஃபோர்டு தன் வீட்டுக் கொட்டகையிலிருந்து முதல் வண்டியை வெளியே கொண்டுவந்தது ஜூன் மாதம்.

கார் வருவதற்குள் அதே ஊரில் இன்னொருவர் வேறொரு தொழிலைக் கண்டுபிடித்துவிட்டார். பெயர் மில்டன் கார்மைக்கேல். ‘டெட்ராய்ட் ஜர்னல்’ பத்திரிகையின் நிருபர். அவர் எழுதிய விஷயம் இதுதான்: நம் ஊருக்கு நாம் கூப்பிடாமலேயே வியாபாரிகளும் உற்பத்தியாளர்களும் வந்து மாநாடு போட்டுவிட்டுப் போகிறார்கள். ஓட்டலில் தங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், கடைகளில் வாங்குகிறார்கள். கூப்பிடாமலே இத்தனை பேர் என்றால், ஆள் வைத்துக் கூப்பிட்டால் எத்தனை பேர் வருவார்கள்?

எழுதிய கட்டுரை குப்பைக்குப் போகவில்லை. அதே பிப்ரவரியில் ஊர் வியாபாரிகளும் ஓட்டல் முதலாளிகளும் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். மாநாடுகளை ஊருக்கு இழுத்துவருவது மட்டும்தான் அதன் வேலை. இந்த மாதிரி ஒரு அமைப்பு உலகத்திலேயே அதுதான் முதல். இன்றைக்கு லாஸ் வேகாஸிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் ‘எங்க ஊருக்கு வாங்க, மாநாடு போடுங்க’ என்று விளம்பரம் செய்யும் அத்தனை பேருக்கும் கார்மைக்கேல்தான் பிள்ளையார் சுழி.

அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. வருகிறவர்கள் உட்கார ஒரு மண்டபம் வேண்டும். அதை யார் கட்டுவது? கட்டிய மண்டபம் ஒழுக ஆரம்பித்தால் யார் காசில் ரிப்பேர் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு டெட்ராய்ட் பதில் தேடிய கதைதான் இந்த வாரம்.

* * *

முதலில் மண்டபம்.

1950ல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18 லட்சத்து 49 ஆயிரம். கார் கம்பெனிகள் கொழித்த காலம். அந்த ஜனவரியில் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஆல்பர்ட் கோபோ. இவர் அரசியலுக்கு வந்ததே கணக்குப் பிள்ளையாகத்தான். பரோஸ் என்கிற கூட்டல் மெஷின் கம்பெனியில் வேலை. முப்பதுகளின் பெரும் பொருளாதார மந்தத்தில் மாநகராட்சி கஜானா காலியானபோது, கணக்கைச் சரிசெய்ய அந்தக் கம்பெனியிலிருந்து இரவலாக வாங்கப்பட்டவர். வந்தவர் திரும்பிப் போகவில்லை. பொருளாளர் ஆனார், கடைசியில் மேயரும் ஆனார்.

ஆற்றங்கரையில் ஒரு பிரம்மாண்டமான மாநாட்டு மண்டபம் என்பது அவர் காலத்துத் திட்டம். ஆனால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1957ல் பதவியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். 1960ல் திறந்த மண்டபத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். கோபோ ஹால். செலவு, பக்கத்து விளையாட்டு அரங்கத்தையும் சேர்த்து, 5 கோடியே 60 லட்சம் டாலர். கட்டடத்துக்கு அடியில் நெடுஞ்சாலை ஓடும். மொட்டை மாடியில் கார் நிறுத்தலாம். கார் ஊர் அல்லவா? அந்த அக்டோபரில் ஜனாதிபதி ஐசன்ஹோவரே வந்து பேசினார்.

ஆனால் கோபோவின் கணக்கில் இன்னொரு பக்கம் இருக்கிறது. பதவிக்கு வந்த கையோடு, நகர எல்லைக்குள்ளேயே வெள்ளைக்காரர்கள் வசித்த வெளிவட்டப் பகுதிகளில் கட்டுவதாக இருந்த எட்டு அரசுக் குடியிருப்புத் திட்டங்களை ரத்து செய்தார். அங்கே கறுப்பர்கள் குடிவந்துவிடக்கூடாது என்பதுதான் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களின் கவலை. அதே சமயம், கறுப்பர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ‘பிளாக் பாட்டம்’ பகுதியை ‘நகர மேம்பாடு’ என்கிற பெயரில் இடித்துத் தள்ளினார்கள். அவர்களுடைய கடைவீதியான ஹேஸ்டிங்ஸ் தெரு இருந்த இடத்தில் நெடுஞ்சாலை வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூட்டை கட்டின.

அப்பேர்ப்பட்டவரின் பெயரைத் தாங்கிய மண்டபத்தில் என்ன நடந்தது தெரியுமா?

1963ம் வருடம் ஜூன் 23. உட்வர்ட் அவென்யூவில் சுமார் ஒன்றேகால் லட்சம் பேர் ஊர்வலமாக நடந்தார்கள். இருபது வருடங்களுக்கு முன்னால், 1943 ஜூனில் நடந்த இனக் கலவரத்தின் நினைவாக. ஏற்பாடு செய்தவர்களில் முக்கியமானவர் சி.எல்.ஃபிராங்க்ளின் என்கிற பாதிரியார். பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் அப்பா என்றால் சட்டென்று புரியும். ஊர்வலம் போய் முடிந்த இடம் கோபோ ஹால். அங்கே மேடையேறிப் பேசியவர் மார்ட்டின் லூதர் கிங்.

ஆகஸ்டில் வாஷிங்டனில் அவர் பேசிய ‘கனவு’ப் பேச்சு உலகத்துக்கே தெரியும். அந்தக் கனவை இரண்டு மாதம் முன்னாலேயே டெட்ராய்ட்காரர்கள் கேட்டுவிட்டார்கள். மோடவுன் கம்பெனி அதை இசைத்தட்டாகவே போட்டது. கறுப்பர்களை ஒதுக்கிவைத்த மேயரின் பெயர் வாசலில். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாழும் கனவு உள்ளே மேடையில். பொது மண்டபம் என்றால் இதுதான். கட்டியவர் யாருக்காகக் கட்டினாலும், உள்ளே யார் வந்து என்ன பேசப் போகிறார்கள் என்பது அவர் கையில் இல்லை.

இந்த விஷயம் எந்த லெட்ஜரிலும் ஏறவில்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

* * *

ஹாலின் நிரந்தர மாப்பிள்ளை, ஆட்டோ ஷோ. 1907ல் ஒரு பீர் தோட்டத்தில், 17 பேர் 33 வண்டிகளை நிறுத்திவைத்து ஆரம்பித்த கண்காட்சி. 1965ல் கோபோ ஹாலுக்குக் குடிவந்தது. 1989ல் ‘வட அமெரிக்க சர்வதேச’ என்று பெயருக்கு முன்னால் பட்டம் சேர்ந்தது. ஹாலையும் அந்த வருடம் இடித்துப் பெரிதாக்கினார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் உலகத்துப் பத்திரிகையாளர்கள் மொத்தமாக வந்து இறங்குவார்கள். ஒரு ஷோவால் முப்பது, நாற்பது கோடி டாலர் ஊருக்குள் புழங்குகிறது என்று அமைப்பாளர்கள் மார்தட்டினார்கள்.

ஆனால் ஊர் இளைத்துக்கொண்டே போனது. தொழிற்சாலைகள் மூடின. வெள்ளைக்காரர்கள் புறநகருக்குப் போனார்கள். வசதியுள்ள கறுப்பர்களும் பின்னாலேயே போனார்கள். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 7 லட்சத்து 13 ஆயிரம். வரி கட்டுகிற ஆள் குறைந்தால் என்ன ஆகும்? முதலில் நிறுத்துவது ரிப்பேர் செலவைத்தான். நம் வீட்டிலும் அப்படித்தானே? சம்பளம் குறைந்தால் சாப்பாட்டை நிறுத்தமாட்டோம். வெள்ளையடிப்பதைத் தள்ளிப்போடுவோம்.

கோபோ ஹால் ஒழுக ஆரம்பித்தது. நிர்வாகமும் ஒழுகியது. ஹாலில் ஒப்பந்தம் எடுத்திருந்தவர், மேயரின் வட்டாரத்துக்குப் பணம் கொடுத்ததாகப் பிற்பாடு நீதிமன்றத்தில் சாட்சியே சொன்னார். வருடா வருடம் கோடிக்கணக்கான டாலர் துண்டு விழுந்தது. கார் கம்பெனிகள் முகம் சுளித்தன. ‘இடம் போதவில்லை, வசதி போதவில்லை. சரி செய்யாவிட்டால் ஷோவை வேறு ஊருக்குக் கொண்டுபோகவேண்டியிருக்கும்.’

மாநில அரசு ஒரு யோசனை சொன்னது. ஹாலை மாநகராட்சியிடமிருந்து எடுத்து ஒரு தனி ஆணையத்திடம் கொடுத்துவிடுவோம். சுற்றியுள்ள மூன்று கவுண்ட்டிகளும், அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரி, பொறுப்பேற்கட்டும். செலவும் பங்கு, அதிகாரமும் பங்கு.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் 2009 பிப்ரவரியில் மாநகராட்சி மன்றம் முடியாது என்று ஓட்டுப் போட்டுவிட்டது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது வறட்டுப் பிடிவாதம். உள்ளே இருந்தவர்களுக்கு அப்படியில்லை. எங்களை இங்கே விட்டுவிட்டுப் புறநகருக்கு ஓடியவர்கள், இப்போது மிச்சமிருக்கும் நகையையும் கழற்றிக் கேட்கிறார்கள் என்பது அவர்கள் ஆத்திரம். பிளாக் பாட்டத்தை இழந்த ஊர் அல்லவா? ‘மேம்பாடு’ என்றாலே அங்கே பலருக்கு வயிற்றைக் கலக்கும்.

இடைக்கால மேயர் மன்றத்தின் முடிவை வீட்டோ செய்தார். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. மேயர் பக்கம் தோற்றது. அதற்குள் நாட்டில் வேறொரு இடி. ஏப்ரல் 30ல் கிரைஸ்லர் திவால். ஜூன் 1ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவால். ஆட்டோ ஷோவுக்கு மண்டபம் தேடிக்கொண்டிருக்கும்போது ஆட்டோ கம்பெனிகளே மஞ்சக் கடுதாசி கொடுத்துக்கொண்டிருந்தன.

கடைசியில் புதுச் சட்டம் போட்டு, மன்றத்தையும் சம்மதிக்கவைத்து, செப்டம்பரில் ஆணையம் பிறந்தது. ஐந்தே உறுப்பினர்கள். மாநில ஆளுநருக்கு ஒருவர், டெட்ராய்ட் மேயருக்கு ஒருவர், மூன்று கவுண்ட்டிகளுக்கும் ஆளுக்கு ஒருவர். முக்கியமான நிபந்தனை: பெரும்பான்மை செல்லாது. ஐந்து பேரும் தலையாட்டினால்தான் தீர்மானம். ஜென்மப் பகையாளிகளை ஒரே அறையில் உட்காரவைத்து, எல்லோரும் சரி என்று சொல்லும்வரை எழுந்திருக்கக்கூடாது என்று சொல்வது மாதிரி. விளங்கினாற்போலத்தான் என்று பலபேர் நினைத்தார்கள்.

விளங்கியது. அதுதான் ஆச்சரியம். தொழில் தெரிந்த நிர்வாக நிறுவனம் ஒன்றை வேலைக்கு வைத்தார்கள். 27 கோடியே 90 லட்சம் டாலரில் புதுப்பிக்கும் வேலை. காலியாகிப்போயிருந்த பழைய விளையாட்டு அரங்கத்தை இடித்து வீணடிக்காமல், ஆற்றைப் பார்த்த 40 ஆயிரம் சதுர அடி விருந்து மண்டபமாக மாற்றினார்கள். 2015ல் வேலை முடிந்தது.

* * *

நடுவில் ஒரு தேதி இருக்கிறது. 2013 ஜூலை 18.

அன்றைக்கு டெட்ராய்ட் மாநகரமே திவால் மனு கொடுத்தது. கடனும் கொடுக்கவேண்டிய பாக்கிகளும் சேர்த்து சுமார் 1,800 கோடி டாலர். அமெரிக்க வரலாற்றில் அதுவரை இவ்வளவு பெரிய ஊர் எதுவும் மஞ்சக் கடுதாசி கொடுத்ததில்லை. மாநகராட்சியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சாதாரண ஊழியர்களின் பென்ஷனில் நாலரை சதவிகிதம் வெட்டு. விலைவாசிக்கு ஏற்ப உயரும் படி அடியோடு போனது. 2014ல் தண்ணீர் பில் கட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாய்களை மூடினார்கள்.

அதே மாதங்களில், அதே ஊரில், ஆற்றங்கரையில் விருந்து மண்டபத்துக்குக் கண்ணாடி பதித்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பது வருடம் மாநகராட்சி லாரி ஓட்டி ரிடையர் ஆன ஒருவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். ‘எனக்குக் கொடுக்கக் காசில்லை, கல்யாண மண்டபத்துக்கு மட்டும் இருக்கிறதா?’ என்று கேட்கமாட்டீர்களா? கேட்கத்தான் வேண்டும். பொதுப் பணத்தில் எந்தக் கட்டடத்துக்குச் செலவு செய்தாலும் பதில் சொல்லவேண்டிய முதல் ஆள் அவர்தான்.

சட்டப்படியான பதில் சுலபம். அது வேறு பை, இது வேறு பை. மண்டபத்துக்கான பணம் மாநகராட்சி கஜானாவிலிருந்து வரவில்லை. 1985லேயே மிச்சிகன் மாநிலம் ஒரு சட்டம் போட்டிருந்தது. மூன்று கவுண்ட்டிகளில் ஓட்டலில் தங்குகிறவர்களிடம் ஒரு வரி. மாநிலம் முழுக்க மதுபானத்தின்மீது நாலு சதவிகித வரி. இரண்டும் சேர்ந்த நிதியில்தான் மாநாட்டு மண்டபம். பென்ஷன்காரரின் பையில் யாரும் கைவிடவில்லை.

பி.காம். படித்தவனுக்கு இந்த பதில் பாதிதான் திருப்தி தரும். பை வேறு என்றாலும் குளம் ஒன்றுதானே? அதே சட்டத்தில் இன்னொரு ஷரத்து உண்டு. மண்டபத்துக்குப் போக மிஞ்சும் பணம் கவுண்ட்டிகளுக்குப் போகும். அதில் ஒரு பங்கு குடி, போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் சிகிச்சைக்கு. அதாவது மண்டபம் ஒரு டாலர் அதிகம் சாப்பிட்டால், குடிநோயாளி ஒருவரின் படுக்கைக்கு அந்த டாலர் போய்ச்சேராது. இலவசப் பணம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது.

* * *

சரி, கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

மண்டபத்தின் சொந்த லாப நஷ்டக் கணக்கு? நஷ்டம். இதில் கோபோ ஹால் மட்டும் குற்றவாளி இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநாட்டு மையங்கள் வாடகை வருமானத்தில் மின்சாரம், சம்பளம், கட்டிய கடன் எல்லாவற்றையும் அடைத்ததாகச் சரித்திரம் இல்லை. வாடகையை ஏற்றினால் மாநாடு பக்கத்து ஊருக்குப் போய்விடும். அதனால் எல்லோருமே குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். மளிகைக் கடையில் சர்க்கரையை அடக்க விலைக்கே கொடுத்து, வந்தவர் தலையில் பருப்பையும் எண்ணெயையும் கட்டுவது மாதிரி. சர்க்கரை, மண்டபம். பருப்பும் எண்ணெயும் ஓட்டல், டாக்ஸி, சாப்பாட்டுக் கடை.

வித்தியாசம் என்னவென்றால், மளிகைக் கடையில் சர்க்கரை நஷ்டமும் பருப்பு லாபமும் ஒரே முதலாளிக்கு. இங்கே நஷ்டம் பொதுமக்களுக்கு, லாபம் ஓட்டல்காரருக்கு. ஓட்டல் வரியில் மண்டபம் நடத்துவது ஏன் நியாயம் என்பது இங்கேதான் புரியும். லாபம் பார்க்கிறவரின் கல்லாவிலிருந்தே நஷ்டத்தில் ஒரு பகுதியைத் திரும்ப எடுக்கிறார்கள்.

‘ஊருக்கு முப்பது, நாற்பது கோடி டாலர் வருகிறது’ என்கிற கணக்கு? பாதி உப்புப் போட்டுத்தான் சாப்பிடவேண்டும். ஆட்டோ ஷோவுக்கு வந்த லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்துக்காரர்கள். ஷோ இல்லாவிட்டால் அந்தச் சனிக்கிழமை அதே பணத்தை வேறு எங்காவது அதே வட்டாரத்தில்தான் செலவழித்திருப்பார்கள். இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்குப் போன பணத்தை வருமானம் என்று எழுதினால், ஆடிட்டர் கையெழுத்துப் போடமாட்டார். வெளியூரிலிருந்து வந்து ராத்திரி தங்கியவர் செலவழித்ததுதான் உண்மையான வரவு.

ஹேவுட் சாண்டர்ஸ் என்று ஒரு பேராசிரியர். டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் சான் அன்டோனியோ வளாகத்தில் இருந்தவர். இந்த மண்டபங்களின் கணக்கைப் பிரித்து மேய்வதையே வேலையாக வைத்திருந்தார். ப்ரூக்கிங்ஸ் நிறுவனத்துக்காக அவர் 2005ல் எழுதிய அறிக்கை மேயர்கள் வயிற்றில் புளியைக் கரைத்தது. 1990க்குப் பிறகு அமெரிக்காவில் மாநாட்டு இடவசதி ஐம்பது சதவிகிதத்துக்குமேல் கூடியிருக்கிறது; ஆனால் மிகப்பெரிய 200 கண்காட்சிகளுக்கு வரும் கூட்டம் 1993ல் இருந்த அளவிலேயே நிற்கிறது. தெருவில் பத்து மண்டபம் இருக்கும்போது பதினோராவதைக் கட்டினால் முகூர்த்த நாள் கூடாது. வாடகைதான் குறையும்.

அப்படியானால் கோபோ ஹாலுக்கு 27.9 கோடி கொட்டியது தப்பா?

இங்கேதான் ஒரு நுணுக்கம். புதிதாகக் கட்டுவது வேறு, இருப்பதைப் பழுது பார்ப்பது வேறு. சாண்டர்ஸ் அறிக்கையின் சூடு, ‘பக்கத்து ஊர் பெரிதாகக் கட்டிவிட்டது, நாமும் கட்டுவோம்’ என்கிற போட்டிமீது. சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸில் 26 லட்சம் சதுர அடி கண்காட்சி இடம். ஆர்லாண்டோவில் 20 லட்சத்துக்குமேல். டெட்ராய்ட் அந்த ஓட்டப் பந்தயத்தில் ஓடவில்லை. புதுப்பித்த பிறகும் 7 லட்சத்து 23 ஆயிரம் சதுர அடிதான். ஊரின் அளவுக்கு அது போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள்.

1960ல் கட்டிய செலவான 5.6 கோடி டாலர், 2010 விலைவாசியில் சுமார் 41 கோடிக்குச் சமம். முதலில் கட்ட ஆன செலவில் மூன்றில் இரண்டு பங்கில் கட்டடத்துக்கு இன்னொரு ஆயுசு வாங்கியிருக்கிறார்கள். மூன்று கவுண்ட்டிகளின் மக்கள்தொகை அப்போது சுமார் 38 லட்சம். தலைக்கு எழுபத்து மூன்று டாலர். முப்பது வருடத்துக்குப் பிரித்தால், வட்டியைச் சேர்க்காமல், வருடத்துக்கு இரண்டரை டாலர்கூட வராது.

ரிப்பேர் பார்க்காமல் விட்டிருந்தால்? பூட்டிய கட்டடத்துக்கும் காவலாளி சம்பளம் உண்டு. இடிக்க வேண்டுமென்றாலும் காசு வேண்டும், அடியில் நெடுஞ்சாலை வேறு ஓடுகிறது. ‘ஒன்றும் செய்யாமல் இருப்பது’ இலவசம் இல்லை. பட்ஜெட் விவாதங்களில் எல்லோரும் மறந்துபோகும் வரி இது.

இதைவிடப் பெரிய சேமிப்பு ஆணையத்தினால் வந்தது. ஒப்பந்தங்கள் வெளிச்சத்துக்கு வந்தபிறகு நடப்புக் கணக்கில் விழுந்த துண்டு கணிசமாகக் குறைந்தது. கூரையை மட்டும் மாற்றிவிட்டு ஆட்களை மாற்றாமல் விட்டிருந்தால், பத்தே வருடத்தில் மறுபடியும் ஒழுகியிருக்கும்.

* * *

இப்போது கதையின் வேடிக்கையான பகுதி.

எந்த ஆட்டோ ஷோவைத் தக்கவைக்க இத்தனை கோடியும் செலவானதோ, அந்த ஆட்டோ ஷோவே இளைத்துப்போனது. கார் கம்பெனிகள் புது மாடலை இணையத்திலேயே காட்ட ஆரம்பித்துவிட்டன. லாஸ் வேகாஸில் நடக்கும் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சிப் பக்கம் சாய்ந்தன. 2019 ஜனவரி ஷோவுக்கு மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி எதுவும் வரவில்லை. சரி, ஜூன் மாதத்துக்கு மாற்றிப் பார்ப்போம் என்று 2020க்குத் திட்டம் போட்டார்கள். கொரோனா வந்து அதையும் ஊதித் தள்ளியது. ஜனவரிக்குத் திரும்பி வர 2025 ஆயிற்று. பழைய ஆர்ப்பாட்டம் இல்லை.

மண்டபத்துக்குச் சொன்ன முதல் காரணமே புஸ்வாணம் ஆகிவிட்டது. கணக்குப் பார்ப்பவர்கள் கைகொட்டிச் சிரிக்கவேண்டிய நேரம். ஆனால் அதே 2020ல் மண்டபத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

ஏப்ரலில் கார்கள் நிற்கவேண்டிய தளத்தில் கட்டில்கள். ஆயிரம் படுக்கை போடும் வசதியோடு தற்காலிக மருத்துவமனை. நல்லவேளையாக அந்த அளவுக்குத் தேவைப்படவில்லை. சிகிச்சை பெற்றவர்கள் நாற்பது பேரைக்கூட எட்டவில்லை. தீயணைப்பு வண்டி வாங்கி வைத்தோம், ஊர் பற்றி எரியவில்லை என்றால் வண்டி தண்டம் என்றா சொல்வோம்?

நவம்பரில் அதே மண்டபத்தில் ஜனாதிபதி தேர்தலின் தபால் ஓட்டுகள். சுமார் ஒரு லட்சத்து எழுபதாயிரம் ஓட்டுகளை எண்ணினார்கள். வெளியே ஒரு கூட்டம் கண்ணாடியில் அடித்து, எண்ணிக்கையை நிறுத்து என்று கூச்சல் போட்டது. உள்ளே இருந்தவர்கள் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். எண்ணி முடித்தார்கள். எண்ணியவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். எண்ணிய இடம், கிங் கனவு கண்ட அதே வளாகம்.

கோபோ பெயர் மட்டும் அதற்குள் போய்விட்டது. 2019ல் ஒரு வங்கி 22 வருடத்துக்கு 3 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்துப் பெயர் வைக்கும் உரிமையை வாங்கியது. டி.சி.எஃப். சென்டர் ஆனது. அந்த வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்ததும் 2021ல் ஹண்டிங்டன் பிளேஸ். வருடத்துக்கு 15 லட்சம் டாலர் வரவு, கூடவே ஒரு பழைய அவமானமும் வாசலிலிருந்து இறங்கியது. லெட்ஜரில் முதல் விஷயம்தான் ஏறும்.

* * *

ஆக, தீர்ப்பு என்ன?

மண்டபம் புதுப்பித்தால் ஊர் கொழிக்கும், வேலை கொட்டும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். டெட்ராய்ட்டில் மண்டபம் பளபளத்த அதே வருடங்களில்தான் ஊர் திவாலானது. மண்டபம் ஊரைக் காப்பாற்றாது. லாபம் வரும் என்று சொல்லி யாராவது பொதுப் பணம் கேட்டால், அவரிடம் அந்த லாபத்தைச் சொந்த ஜாமீனில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஓடிவிடுவார்.

நூலகத்துக்கோ பூங்காவுக்கோ நாம் லாபக் கணக்கு கேட்பதில்லை. பொது மண்டபமும் அந்த ஜாதிதான். ஊர் மொத்தமும் ஒரே கூரையின் கீழ் கூட ஒரு இடம். அது ஊர்வலம் முடிகிற இடமாக இருக்கலாம், ஆஸ்பத்திரியாக இருக்கலாம், ஓட்டு எண்ணுகிற இடமாக இருக்கலாம். எது என்று முன்கூட்டித் தெரியாது. தெரியாத தேவைக்காக வைத்திருக்கிற கூரைக்குச் செலவு செய்வது நியாயம்தான்.

ஆனால் நாலு நிபந்தனைகள். ஒன்று, மண்டபத்தால் சம்பாதிக்கிறவர் முதலில் கொடுக்கட்டும். இரண்டு, புதிதாகக் கட்டாமல் இருப்பதைக் காப்பாற்று. மூன்று, கூரையோடு நிர்வாகத்தையும் மாற்று. நான்கு, எவ்வளவு நஷ்டம் வரும் என்பதை முதலிலேயே வெள்ளைத்தாளில் எழுதி மக்கள்முன் வை. டெட்ராய்ட் முதல் மூன்றை ஏறக்குறைய செய்தது. நாலாவதில் ‘கோடி கோடியாகக் கொட்டும்’ என்று ஜிகினா ஒட்டியது.

அந்த லாரி டிரைவருக்கு இதெல்லாம் ஆறுதலாகுமா? ஆகாது. நாலரை சதவிகிதம் அவருக்குத் திரும்ப வரப்போவதில்லை. அவருடைய பென்ஷனைத் தின்றது மண்டபம் இல்லை, பல வருடங்களாகத் தள்ளிப்போட்ட கணக்குகள்தான் என்று புள்ளிவிவரத்தோடு நிரூபிக்கலாம். நிரூபித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல தைரியம் வேண்டும். அந்த தைரியம் இருக்கிறவர்கள்தான் பொதுப் பணத்தில் கல் வைக்கத் தகுதியானவர்கள்.